படகுகள் போன பிறகு பாடு

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் பெருவிரல் தாளம் போடும். பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தாலும் இரண்டு தரிப்புக்கு மேல் இருக்கமாட்டேன், எழுந்து கதவடியில் போய் நிற்பேன். வாயும் அப்படித்தான். பாட்டு, முணுமுணுப்பு, சீட்டி, அதுவும் இல்லாவிட்டால் யாரோடாவது கொழுவல். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது எண்டு உன்னைப் பாத்துத்தான் சொல்லியிருக்கினம்," என்பார் அம்மா. "வயித்துக்குள்ளயே நீ சும்மா கிடக்கேல்ல. நான் குனிஞ்சு மீன் காயப்போட, நீ உள்ளுக்கு நிண்டு கூத்தாடினனீ."

இப்போது என்னைப் பற்றி அச்சடிக்கும் காகிதங்களில் நடிகை, பாடகி, ஆற்றுகைக் கலைஞர் என்று மூன்று வரி போடுகிறார்கள். ஊரில் எனக்கு ஒரு வரிதான்: நிலை கொள்ளாதவள். எங்கள் ஊர் மன்னார்த் தீவின் கரையில், டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் தள்ளி இருக்கிறது. அப்பா கடலுக்குப் போனார். அம்மா மீனை வெட்டி உப்புப் போட்டுக் கருவாடாக்கினார். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை, அதுவும் இப்படி.

என் முதல் வேடம் இலையான், சாப்பாட்டில் மொய்க்கும் ஈ. பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அலைந்த நாளில், வயிற்றோட்டம் பற்றி ஊர் ஊராக விழிப்புணர்வு நாடகம் போடும் குழு ஒன்றில் சேர்ந்தேன். கறுப்புச் சீலையைக் கிழித்துச் செய்த சிறகு. அடம்பன் சந்தையில் நான் "ங்ங்ங்" என்று பறந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த மாடொன்று சிறகைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. நான் நாடகத்தை விட்டுவிட்டு மாட்டோடு சண்டை பிடித்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த நாள் பெரியமடுவில் அந்தச் சண்டையையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டோம், மாட்டுக்கு ஆள் பிடித்து. கையில் வந்து விழுந்ததை உடனே மேடையில் ஏற்றிவிடும் பழக்கம் எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது.

பிறகு ஓட்டம்தான். பெருநாள்களில் லொறித் தட்டில் நின்று பாடும் இசைக்குழுவில் இரண்டு வருடம். யாழ்ப்பாணத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பு. படித்து முடித்ததும் கொழும்பு. அங்கே சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் தமிழ் வேலைக்காரி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எல்லா நாடகத்திலும் எனக்கு அதே மூன்று வசனம்: சரி நோனா, தேத்தண்ணி நோனா, எனக்குத் தெரியாது நோனா. மிச்ச நேரத்தில் குரல் கொடுக்கும் கூடம். வெளியிலிருந்து வரும் தொடர்களைத் தமிழாக்கும்போது மற்ற நடிகைகள் பேசுவார்கள், அழுகிற இடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு நாளில் ஏழெட்டுப் பெண்களுக்கு அழுதிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர், "இன்னும் எப்பன் ஈரமா அழுங்கோ," என்பார். அழுவேன்.

அப்படி யாருக்கோ அழுதுகொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அப்பா போன செய்தி வந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம்.

எங்கள் பக்கத்துச் செத்த வீட்டைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். ஒரு ஆள் போனால் கோயிலில் துக்க மணி அடிக்கும். அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. பெண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்வார்கள். அதற்குப் புத்தகம் இல்லை. அவரவர் வாயில் வருவதுதான். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால், "பழஞ்சோறு போடுறாள்" என்று அந்த இடத்திலேயே முகத்தைத் திருப்புவார்கள். செத்தவருக்குச் சொன்ன சொல் செத்தவரோடு போய்விட வேண்டும்.

அம்மா அன்றைக்கு அப்பாவின் காலடியில் இருந்து சொன்னார்:

கரையில வலை காயுதே ராசா,
கையில சோறு காயுதே ராசா.

மதியச் சோற்றைக் குழைத்துக் கொண்டுபோன நேரத்தில்தான் அப்பா சரிந்தது. நான் போய்ச் சேர்ந்த பிறகும் அம்மாவின் விரல்களில் அந்தச் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அழுதேனா என்றால், அழுதேன். பொய்யில்லை. ஆனால் என் தலைக்குள் ஒரு சனியன் உட்கார்ந்து அம்மாவின் ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்டும் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு கலைக்கூடத்தில் தனியாக ஓர் ஆற்றுகை நிகழ்த்திக் காட்டினேன். வெள்ளைச் சுவர், ஒரு கதிரை, ஒரு சாக்கு உப்பு, நான். வெறும் கதிரையில் கை கையாக உப்பை அள்ளிக் குவித்தபடி அம்மாவின் வரிகளைப் பாடினேன். அதற்கு முன் என்னை மூன்று வசன வேலைக்காரியாகப் பார்த்த ஆட்கள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது, இன்னும் நீளமாகச் செய்து தாருங்கள் என்று. நான் ஒத்திகைக்காக ஊருக்கு வந்தேன்.

அம்மா அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் நின்று தொண்டையைச் செருமி, "என்ர ராசாவே" என்று ஒரு இழுவை இழுத்தேன். திருவுகிற சத்தம் நின்றது.

"உந்தப் பாட்டை நிப்பாட்டு."

"ஒத்திகை அம்மா."

"என்ன இழவெண்டாலும் இருக்கட்டும். ஆள் சாகாத வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கக்கூடாது. வீடு கேட்டுக்கொண்டு நிக்கும்."

அது எங்களூரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விலக்கு. எனக்கும் தெரியும். கொழும்பு, யாழ்ப்பாணம் என்று சுற்றியதில் மறந்திருந்தேன். சரி, வீட்டுக்குள் கூடாதென்றால் வெளியில். அடுத்த நாள் விடிந்த கையோடு கடற்கரைக்குப் போனேன். உடைந்த பைபர் படகொன்று மணலில் பாதி புதைந்து கிடக்கும், அதன் முன்பக்க அணியத்தடியில் நின்று முழுக் குரலையும் விட்டேன். பக்கத்தில் ஆளில்லை, அள்ளி வீசும் காற்று, குரலும் நல்ல பதத்தில் இருந்தது. முக்கால் மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். காற்று கடலிலிருந்து ஊர்ப்பக்கம் அடிக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கோயிலில் துக்க மணி கேட்டது. அட, யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். நல்லவேளை நான் பாடிக்கொண்டிருந்தேன், பொருத்தமாக இருந்தது என்றும் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பார்த்தால், இறக்க ஆயத்தமாக இருந்த படகுகளையெல்லாம் திரும்ப மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஒருவர் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "நல்ல மனிசியடா பிள்ளை, நல்ல மனிசி," என்று விம்மினார்.

அம்மாவைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

எங்கள் முற்றம் நிறையப் பெண்கள். நடுவில் அம்மா, கையில் ஆவி பறக்கும் புட்டுக்குழலோடு. பக்கத்து வீட்டு மாமி, அம்மாவோடு ஒன்றாகக் கருவாடு போட்டு வளர்ந்தவர், தலையை விரித்துப்போட்டு ஒப்பாரியில் பாதி வழியில் நின்றார். வாசல் படலையில் தொடங்கிய வரியை முடிக்கிற நேரத்தில் செத்தவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டிருக்கிறாள்.

"உன்ர மோள் கடற்கரையில நிண்டு குழறுறாள்," என்றார் மாமி. "உனக்கும் பிரசர் கூட. போதாக்குறைக்கு நீ உன்ர மனிசனுக்குச் சொன்ன அதே சொல்லு. அப்ப நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?"

அம்மா புட்டுக்குழலை மதிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அதே சொல்லு என்றது அதன் பிறகுதான் அவர் காதில் ஏறியது. சிரிப்பு நின்றது.

ஒரு நாள் தொழில் போன கோபம் ஊருக்கு. பின்னேரம் கோயில் விறாந்தையில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் கரையில் அதிகம் படகும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியார் எழுந்தார். பெரிய மீசை, மெல்லிய குரல். நான் கைகட்டி நின்றேன், கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நீ பாடு. வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்ல," என்றார். "ஆனா போட்டுகள் எல்லாம் போனாப்பிறகு பாடு. அந்த இடத்தில நிண்டு பாடு. பேந்து நீ என்ன கத்துக் கத்தினாலும் ஒருத்தரும் காது குடுக்கமாட்டம்."

"ஓம் மாமா," என்றேன்.

அன்றிலிருந்து அதுதான் ஒழுங்கு. ஊரில் நிற்கும் நாள்களில் விடிய நான் உடைந்த படகடியில் போய் நிற்பேன். சம்மாட்டியாரின் படகு கடைசியாக இறங்கும். அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் கையை உயர்த்துவார், போறம், இனி நீ தொடங்கு என்று. நான் தொடங்குவேன். கொஞ்ச நாளில் என் ஒப்பாரிக்கு நடுவில் மாமி முட்டைக்குப் பேரம் பேசினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஊர் என் குரலைக் கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டது.

கூட்டம் நடந்த அன்று பொழுதுபடுகையில் அம்மா கருவாட்டைப் பிரட்டிக்கொண்டே கதைத்தார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"அது கொப்பருக்குச் சொன்னது."

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சுகொண்டோ மேடையேத்தினனீ?"

நான் கலையென்றும், நினைவென்றும், கொழும்பில் எத்தனை பேர் அழுதார்கள் என்றும் ஏதேதோ சொன்னேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அம்மா ஒரு மீனை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"பக்கத்து வீட்டுக்காரி எனக்கு என்ன சொன்னவள் தெரியுமே? 'வேலிக்கு மேலால கூப்பிடுற வாயே, ஒருக்காக் கூப்பிடடி' எண்டு. நான் புட்டுக்குழலோட நிண்டு கேட்டனான். நல்லாத்தான் இருந்தது." கையில் ஒட்டிய உப்பைத் தட்டினார். "நீ எனக்கு என்னத்தைச் சொல்லுவாய்?"

நான் ஒரு மீனைப் பிரட்டிப் போட்டேன்.

"கொப்பருக்குச் சொன்னதை ஊர் ஊராக் கொண்டுபோய்ட்டாய். அது போகட்டும். எனக்கெண்டு ஒண்டு வைச்சிரு. மேடை காணாதது. எனக்கும் பழஞ்சோறு போட்டிராதை."

கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி நீட்டினார். நான் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். "இப்பவே எழுதி வைச்சிராதை," என்றார். "உயிரோட இருக்கிறவளுக்கு எழுதக்கூடாது. வரேக்க வரும்."

வரும்போது வரும் என்பதை நம்ப என்னால் முடியவில்லை. ஒத்திகை பார்க்காமல் மேடையேறாதவள் நான். தேத்தண்ணீர் நீட்டும் வேலைக்காரிக்கே முப்பது தரம் நடந்து பார்த்தவள். அம்மாவின் நாள் வந்து, எல்லாரும் என் முகத்தைப் பார்க்க, வாயில் ஒன்றும் வராவிட்டால்? அந்தப் பயம் என்னோடு எல்லா ஊருக்கும் வந்தது. இந்தியாவில் ஒரு மாதம். திரும்பிவந்து ஒரு திரைப்படம், அதில் துடுப்பைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்ன இயக்குநரோடு பெரிய சண்டை. பிறகு மன்னார் டவுனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகப் பட்டறை. மண்டபத்துக்குள் ஒரு கழுதை வந்து நான் பாடி முடிக்கும்வரை அசையாமல் நின்றது. உள்ளூரில் எனக்கு வாய்த்த பொறுமையான ரசிகர் அதுதான். பிறகு பாட்டுக் கச்சேரிகள், பிறகு திரும்பவும் கொழும்பு. ஒரு வேலை முடிய முன்பே அடுத்ததற்குக் கால் துருதுருக்கும். வீட்டில் மூன்று நாள் நின்றால் நாலாம் நாள் பையைத் தூக்குவேன். அம்மா மறிக்கமாட்டார். படலை வரை வந்து, "சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு," என்பார்.

ஒருமுறை கொழும்புக்குப் போகும் வழியில் மதவாச்சியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கித் தேத்தண்ணீர் குடித்தார்கள். நான் இருக்கையில் இருந்தபடி கொப்பியைத் திறந்து எழுதினேன்:

உப்புக் கையால ஊட்டினியே அம்மா,
அந்த உப்பு இன்னும் என்ர வாயில அம்மா.

எழுதிய உடனே கொப்பியை மூடிப் பைக்குள் ஆழத்தில் திணித்தேன். எழுதக்கூடாதென்று சொன்னவர் உயிரோடு வீட்டில் நெத்தலி பொரித்துக்கொண்டிருப்பார். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அப்பாடா, என்னிடம் ஒன்று இருக்கிறது.

அது இருந்தது, அடுத்த குளிர்காலம் வரை. ஜேர்மனியில் ஒரு கலைவிழா. முதல் நாள் என் உப்பு ஆற்றுகை எடுபடவில்லை. சனம் மரியாதையாகக் கைதட்டியது. மரியாதையான கைதட்டலைப் போல எரிச்சலூட்டுவது ஒன்றுமில்லை. ஒழுங்கு செய்த பெண்மணி காலைச் சாப்பாட்டில், புதிதாக எதுவும் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். நான் அறைக்குப் போனேன். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். யன்னலைத் திறந்தேன், குளிர் அடித்தது, மூடினேன். பைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தேன்.

இரண்டாம் நாள் அந்த வரிகளைப் பாடினேன். "அந்த உப்பு இன்னும் என்ர வாயில" என்னும் இடத்தில் இடப்பக்க வெளிச்சம் மெல்லக் குறைய, நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஒரு பிடி உப்பை வாயில் போட்டேன். மண்டபம் எழுந்து நின்றது. என் வாழ்நாளிலேயே பெரிய கைதட்டல் அதுதான். அதன் பிறகு இன்னும் நாலு ஊரில் அதே வெளிச்சம், அதே திரும்பல், அதே பிடி உப்பு.

வெட்கம் கெட்டவள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். ஏன் செய்தாய் என்று கேட்டால், கையில் இருந்தது, செய்தேன். அடம்பன் சந்தையில் மாட்டுச் சண்டையை மேடையேற்றியவள் தாயின் ஒப்பாரியையும் ஏற்றினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

ஊருக்கு வந்தபோது அம்மா இளைத்திருந்தார். பிரசரோடு சீனியும் சேர்ந்து, ஆஸ்பத்திரி, மருந்து என்று ஆகியிருந்தது. ஒரு காலை அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அது இருக்குதே?"

எது என்று நான் கேட்கவில்லை.

"இருக்கு அம்மா."

"பத்திரமா?"

"ஓம்."

தலையை என் மடிப்பக்கம் சாய்த்துக்கொண்டார். நான் பின்னலைத் தொடங்கினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அழுதிருப்பார், பிறகு இரண்டு பேருமாகப் புட்டுச் சாப்பிட்டிருப்போம். சொல்லவில்லை. மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் அம்மா இருந்தார். மற்ற எல்லா முறையையும் போல அந்தக் கடைசி முறையும் நான் வந்து மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் காலை பையை முற்றத்தில் வைத்துவிட்டு, தேத்தண்ணீரோடு அம்மாவிடம் போனேன், போயிட்டு வாறன் என்று சொல்ல. அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தார். அரைமணித்தியாலம் முன்னர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இப்போது செபமாலை மடியில் கிடந்தது. கூப்பிட்டேன். கையைத் தொட்டேன். காய்த்துப்போன, உப்பு வெடித்த கை. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். தேத்தண்ணீரை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

வாசலுக்கு வந்து வாயைத் திறந்தேன். "உப்புக் கையால ஊட்டினியே அம்மா" என்று குரல் தானாகக் கிளம்பியது. நல்ல குரல். சுருதி பிசகாத குரல். இரண்டாவது வரிக்குப் போகும்போது என் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. யாரும் திருப்பவில்லை. அங்கே குறைகிற வெளிச்சத்துக்காக, நாலைந்து ஊரில் பழகிய கழுத்து தன்பாட்டில் திரும்பிக்கொண்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மாமி நிமிரவேயில்லை. "பிள்ளை, போட்டுகள் இன்னும் வெளிக்கிடேல்ல. எப்பன் பொறன்," என்றார். "கொம்மா நித்திரையெல்லே. கடற்கரைக்குப் போய்ப் பாடு."

மாமி, அம்மா போயிட்டா என்று சொல்ல மூன்று சொல் போதும். வரவில்லை. எத்தனை பெண்களுக்கு அழுத தொண்டை, மூன்று சொல்லுக்கு அடைத்துக்கொண்டது. விளக்குமாறு சரக்குச் சரக்கென்று கூட்டிக்கொண்டே போனது. என் கால் தன் பழக்கத்தில் படலையைத் தாண்டி, ஒழுங்கையால், கடற்கரைக்கு என்னைக் கொண்டுபோனது.

உடைந்த படகடியில் போய் நின்றேன். படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. சம்மாட்டியாரின் படகு கடைசி. அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் கையை உயர்த்தினார், போறம், இனி நீ தொடங்கு என்று.

நான் தொடங்கவில்லை.

படகு கொஞ்சத் தூரம் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் நின்றேன். தாளம் போடாமல், முணுமுணுக்காமல், கையைக்கூட அசைக்காமல். அப்படி ஒரு நிற்றல் நான் எந்த மேடையிலும் நின்றதில்லை. எஞ்சின் சத்தம் இறங்கியது. படகு அலையில் சும்மா ஆடியது. பிறகு அணியம் மெதுவாகக் கரைப்பக்கம் திரும்பியது.

இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தார்.

"ஏன் பிள்ளை பாடேல்ல?"

நான் அவரைப் பார்த்தேன்.

"கொம்மாவே?"

தலையாட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். கடலைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். முன்னே போன படகுகள் அதைக் கண்டு ஒவ்வொன்றாகத் திரும்பின. முன்பு ஒருமுறை போன ஒரு நாள் தொழிலுக்கு என்னைக் கூட்டம் வைத்து விசாரித்த ஆட்கள். இந்தமுறை ஒருவரும் ஒன்றும் பேசாமல் படகுகளை மேலே இழுத்தார்கள்.

மணி அடித்தது. மாமி கையில் விளக்குமாறோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நான் கூட்டிக்கொண்டெல்லே நிண்டனான் பிள்ளை. நான் கூட்டிக்கொண்டெல்லே நிண்டனான்," என்று என் தோளில் அடித்து அடித்து அழுதார். வீட்டில் பெண்கள் வட்டமாக இருந்தார்கள். எனக்கு நடுவில் இடம் விட்டார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "பாடி அழு பிள்ளை," என்றார் மாமி. உப்பு வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

அடக்கம் முடியும்வரை நான் ஒரு வரியும் சொல்லவில்லை. "ஊருலகத்துக்கெல்லாம் பாடினவள், பெத்த தாய்க்கு வாய் திறக்கேல்ல," என்று என் காது படவே சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள், சொல்லட்டும். மேடை காணாத வரி ஒன்றும் என்னிடம் மிச்சமில்லை. அம்மாவுக்குப் பழஞ்சோறு போட எனக்கு மனம் வரவில்லை.